பத்து ரூபாய்க்கு எத்தனை முகம்?

2018 ஜனவரி 17 அன்று இந்திய ரிசர்வ் வங்கி ஓர் அறிக்கை வெளியிட்டது. 10 ரூபாய் நாணயம் அதுவரை 14 வடிவங்களில் வந்திருக்கிறது, பதினான்கும் செல்லும், தயங்காமல் வாங்கிக்கொள்ளுங்கள் என்பது அதன் சாரம். சந்தேகம் இருந்தால் 14440 என்ற எண்ணைக் கூப்பிட்டுக் கேட்டுக்கொள்ளலாம் என்றும் சொன்னது. 2016 நவம்பரிலும் வங்கி இதே போன்ற விளக்கத்தைக் கொடுத்திருந்தது. தானே புழக்கத்தில் விட்ட காசு நல்ல காசுதான் என்று ஒரு மத்திய வங்கி திரும்பத் திரும்பச் சத்தியம் செய்ய வேண்டிவந்தது.

மக்கள் அறியாமையால் வதந்தியை நம்பினார்கள் என்று இதற்கு ஒரு சுலபமான பதில் உண்டு. அதை நான் முழுதாக ஏற்கவில்லை. பதினான்கு முகங்கள் உள்ள ஒரு நாணயத்தில் நாலைந்தை மட்டும் பார்த்திருக்கும் பெட்டிக்கடைக்காரர், ஆறாவதாக வரும் முகத்தைச் சந்தேகிப்பது இயல்பான எச்சரிக்கை. அவரை அந்த நிலையில் நிறுத்தியது யார் என்பதுதான் பார்க்க வேண்டியது. அதற்கு நாணய வடிவமைப்பு, நினைவு நாணயம், உலோகம், அளவு எல்லாவற்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

காசு கைமாறும் நேரம் அரை நொடி. பேருந்து நடத்துநர் தோல்பைக்குள் விரலை விட்டுத் துழாவும்போது அவர் கண் அடுத்த பயணியின் மேல் இருக்கிறது. எடை, விளிம்பு, விட்டம், நிறம் ஆகிய நான்கும் விரலுக்கும் ஓரக்கண்ணுக்கும் சொல்லிவிட வேண்டும். படத்தை நின்று பார்க்கிறவர் சேகரிப்பாளர் மட்டுமே. பழைய ஆட்சியாளர்கள் இதை நன்றாக அறிந்திருந்தார்கள். முதலாம் இராசராசன் வெளியிட்ட, ஒரு பக்கம் நிற்கும் உருவமும் மறுபக்கம் அமர்ந்த உருவமும் கொண்ட காசு அவன் காலத்தோடு போய்விடவில்லை. இலங்கையில் பராக்கிரமபாகு, நிசங்கமல்லன் போன்ற அரசர்கள் 12, 13ஆம் நூற்றாண்டுகளில் அடித்த காசுகளில் அதே அமைப்பு தொடர்கிறது. பெயர்தான் மாறியது. சோழரை விரட்டிய பிறகும் சோழர் காசின் தோற்றத்தை வைத்துக்கொண்டார்கள் என்றால், சந்தைக்குப் பழகிய முகத்தைக் கலைக்க அவர்களுக்கு மனம் இல்லை என்றுதான் கொள்ள வேண்டும்.

மொகலாயர் ரூபாயில் ஆட்சியாண்டு பொறிக்கப்பட்டிருக்கும். எடை குறையாவிட்டாலும் பழைய ஆண்டுக் காசுக்குச் நாணயம் மாற்றும் சராப்புக் கடைக்காரர்கள் வட்டம் என்ற கழிவைப் பிடித்துக்கொண்டுதான் மாற்றிக் கொடுத்தார்கள். இந்தத் தொல்லையை ஒழிக்க, கிழக்கிந்தியக் கம்பெனி வங்காளத்தில் மொகலாயப் பேரரசர் ஷா ஆலமின் 19ஆம் ஆட்சியாண்டை அப்படியே உறையவைத்துப் பல பதிற்றாண்டுகள் அதே ஆண்டையே அடித்துக்கொண்டிருந்தது. பொய்யான தேதிதான். ஆனால் காசைப் பார்த்து யாரும் கேள்வி கேட்கவில்லை.

படம் மாறினால் என்ன ஆகும் என்பதற்கு 1911ஆம் ஆண்டு ரூபாய் ஒரு பாடம். ஐந்தாம் ஜார்ஜ் அரசரின் அங்கியில் யானை உருவம் ஒன்று இருந்தது. அரிசி மணி அளவில் அதைச் செதுக்கியபோது தும்பிக்கையும் காலும் ஒட்டிக்கொண்டு பன்றி மாதிரி தெரிந்தது. இஸ்லாமியர் மத்தியில் எதிர்ப்பு கிளம்ப, அரசு அந்த அச்சைக் கைவிட்டு, தும்பிக்கை தெளிவாகத் தெரியும்படி 1912இல் புதிய அச்சு செய்தது. சேகரிப்பாளர்கள் இன்றும் அதைப் 'பன்றி ரூபாய்' என்றே அழைக்கிறார்கள். செதுக்கியவர் மனத்தில் யானைதான் இருந்தது. வாங்கியவர் கண்ணில் அது இல்லை.

குடியரசின் காசு 1950 ஆகஸ்ட் 15 அன்று தொடங்குகிறது. அரசர் தலை போய் அசோகச் சிங்கம் வந்தது. ஒரு ரூபாயில் புலி இருந்த இடத்தில் கோதுமைக் கதிர். 1957 ஏப்ரல் 1 அன்று அணாக் கணக்கு ஒழிந்து நூறு நயா பைசா ஒரு ரூபாயானது. பூவா தலையா போடும்போது தலை என்ற இடத்தைச் சிங்கம் ஏற்றுக்கொண்டுவிட்டது. அதற்குப் பிறகு வந்த எல்லாக் காசிலும் மாறாமல் இருப்பது அந்தச் சிங்கம் ஒன்றுதான்.

நினைவு நாணயம் 1964இல் வந்தது. மே மாதம் நேரு மறைந்தார். அந்த ஆண்டே அவர் முகத்துடன் 50 பைசாவும் 1 ரூபாயும் வெளியாயின. 1969இல் காந்தி நூற்றாண்டுக்கு 20 பைசா, 50 பைசா, 1 ரூபாய், வெள்ளியில் 10 ரூபாய். மஞ்சள் நிறத்தில் காந்தி தலை போட்ட அந்த 20 பைசாவைப் பூஜை அறையில் வைத்திருந்த வீடுகள் தமிழ்நாட்டில் உண்டு, தங்கம் கலந்திருக்கிறது என்ற பேச்சும் உண்டு. உண்மையில் அது செம்பும் அலுமினியமும் முக்கியமாகச் சேர்ந்த கலவை. 1970 முதல் உலக உணவு, வேளாண்மை நிறுவனத்தின் திட்டத்தில் சேர்ந்து 'எல்லோருக்கும் உணவு', 'திட்டமிட்ட குடும்பம்' என்று பிரசாரக் காசுகள் வந்தன. நாணயம் சுவரொட்டி வேலை பார்க்கத் தொடங்கியது அப்போதுதான். 1982இல் ஆசிய விளையாட்டு. 1985இல் இந்திரா காந்தி முகத்தோடு 5 ரூபாய்.

முதல் இருபது ஆண்டில் நினைவு நாணயம் என்றால் ஒரு பெரிய மரணம், ஒரு பெரிய நூற்றாண்டு விழா, இல்லையென்றால் ஒரு பிரசாரமோ விளையாட்டு விழாவோ. பிறகு வரிசையில் நிறுவனங்கள் வந்து நின்றன. வருமான வரிக்கு 150 ஆண்டு, தலைமைத் தணிக்கைத் துறைக்கு 150 ஆண்டு, மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துக்கு 100 ஆண்டு, கயிறு வாரியத்துக்கு 60 ஆண்டு. வருமான வரி நாணயத்தில் சாணக்கியரும் தாமரையும் தேனீயும் இருக்கும். பூ வாடாமல் தேனெடுப்பதுபோல் வரி வாங்க வேண்டும் என்பது கருத்து. பிசிராந்தையார் பாண்டியனுக்குச் சொன்ன யானையும் நெல்வயலும் இதே அறிவுரைதான். நல்ல கருத்து, நல்ல வேலைப்பாடும்கூட. ஆனால் ஒரு துறை தன் பிறந்தநாளைக் கொண்டாட நாட்டின் 5 ரூபாயின் முகத்தை ஏன் மாற்ற வேண்டும்? தபால்தலை இருக்கிறதே. தபால்தலையை ஒட்டி அனுப்பிவிட்டால் தீர்ந்தது. காசு இருபது ஆண்டு சுற்றும்.

நினைவு நாணயங்களின் எண்ணிக்கையைக் குறை சொல்லிவிட்டு நிறுத்தினால் பாதிக் கதைதான். சாதாரண நாணயமே நிலையாக இல்லை என்பது மீதி.

இழுப்பறையில் கிடக்கும் இரண்டு காசுகளை எடுத்துப் பார்க்கலாம். ஒன்று 2009இல் அடித்த 1 ரூபாய், கட்டைவிரல் உயர்த்திய கை உள்ளது. இன்னொன்று 2012இல் அடித்த 2 ரூபாய். ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் விளிம்பு பிசகாமல் பொருந்தும். இரண்டுக்கும் விட்டம் 25 மில்லிமீட்டர், எடை 4.85 கிராம், உலோகம் துருப்பிடிக்காத எஃகு. மதிப்பு மட்டும் இரட்டிப்பு. 2011இல் புதிய வரிசை வந்தபோது 1 ரூபாய் 22 மில்லிமீட்டராகச் சுருங்கியது, 2 ரூபாய் பழைய 1 ரூபாயின் உடம்பை அப்படியே எடுத்துக்கொண்டது. பழையது திரும்பப் பெறப்படவில்லை. இரண்டும் ஒரே கல்லாவில் விழுந்தன. மாலை நேரக் கூட்டத்தில் 1 ரூபாய் என்று நினைத்து 2 ரூபாயைக் கொடுத்துவிட்டு வீட்டில் போய்க் கணக்குப் பார்த்தவர்கள் ஊருக்கு ஊர் இருப்பார்கள். அதே வரிசையில் 5 ரூபாய் 23 மில்லிமீட்டர். அதாவது 2 ரூபாயைவிட 5 ரூபாய் சிறியது. கண் தெரிந்தவருக்கு 5 ரூபாயின் மஞ்சள் நிறம் கைகொடுத்தது. கண் தெரியாதவர் என்ன செய்திருப்பார்?

இந்தச் சுருக்கத்துக்குக் காரணம் இருக்கிறது. செம்பு, நிக்கல் விலை ஏறிக்கொண்டே போனது. 23 மில்லிமீட்டரில் 9 கிராம் எடையோடு வந்த பழைய 5 ரூபாய் கனமான செம்பு-நிக்கல் காசு. அதில் இருந்த உலோகத்துக்காகவே அது எல்லை தாண்டிப் போய் வங்கதேசத்தில் சவர பிளேடாக மாறுகிறது என்று 2007 வாக்கில் செய்திகள் வந்தன. உலோகத்தின் விலை முகமதிப்பை எட்டினால் காசு உருக்குலைக்குப் போவது எந்த நாட்டிலும் நடப்பதுதான். அரசு எஃகுக்கு மாறியது சரியான முடிவு. ஆனால் எஃகு கடினமான உலோகம். செம்பு-நிக்கல் தகட்டில் கன்னத்து மடிப்பு வரை ஏறும் உருவம் எஃகில் தட்டையாகிவிடும், ஆழமாக அழுத்தினால் அச்சுக்கட்டை சீக்கிரம் தேயும். உருவம் ஏறாத உலோகத்துக்கு மாறிய காலத்திலேயே உருவம் போடும் ஆசையும் கூடியது. சில நினைவு நாணயங்களில் யார் முகம் என்று பெயரைப் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

எஃகுக் காசின் வடிவங்களில் ஒன்றிலேயே ஒரு சிக்கல் வந்தது. ஒன்றையொன்று வெட்டும் கோடுகளும் இடையில் நான்கு புள்ளிகளும் கொண்ட வடிவம் 'வேற்றுமையில் ஒற்றுமை' என்ற பெயரில் 1, 2 ரூபாய்களில் ஏறியது. வரைந்தவர்களுக்கு அது நான்கு பேர் ஓருடலாக இணைந்த காட்சி. பார்த்தவர்களில் பலருக்குச் சிலுவை. ஒன்பதாம் நூற்றாண்டுப் பிராங்கிய அரசன் லூயியின் காசில் இதே போன்ற சிலுவை இருக்கிறது என்று படம் போட்டுக் காட்டினார்கள். பன்றி ரூபாய்க்கு ஏறக்குறைய நூறாண்டு கழித்து அதே கதை. 2007இல் அந்த இடத்துக்கு நாட்டிய முத்திரைகள் வந்தன. 50 பைசாவுக்கு மூடிய கை, 1 ரூபாய்க்கு ஒரு விரல், 2 ரூபாய்க்கு இரண்டு விரல். எழுத்து தெரியாதவரும் விரலை எண்ணி மதிப்பை அறியலாம் என்பது எனக்குப் பிடித்த யோசனை, சொந்த நாட்டு யோசனையும்கூட. நாலைந்து ஆண்டிலேயே அதையும் தூக்கிவிட்டார்கள்.

இந்தப் பின்னணியில்தான் 10 ரூபாய் நாணயம் வருகிறது. 2009 மார்ச்சில் புழக்கத்துக்கு விட்டார்கள். ஆனால் முதல் காசுகளில் பொறித்திருந்த ஆண்டு 2005. இந்தியாவில் புழக்கத்துக்கு வந்த முதல் இருஉலோகக் காசு அது. 27 மில்லிமீட்டர், 7.71 கிராம். வெளிவளையம் செம்பு-அலுமினியக் கலவை, நடுவட்டு எஃகு. துளையிட்ட வளையத்துக்குள் வட்டை வைத்து ஒரே அழுத்தத்தில் அச்சடிக்கும்போது வளையத்தின் உலோகம் பிதுங்கி வட்டின் விளிம்பில் உள்ள பள்ளத்தில் புகுந்து பூட்டிக்கொள்ளும். கள்ள நாணயக்காரருக்குச் சிரமம் தரக்கூடிய நல்ல தொழில்நுட்பம்.

ஆனால் ஒரே நாளில் இரண்டு வடிவங்கள் வெளியாயின. ஒன்றில் மேலே சொன்ன 'வேற்றுமையில் ஒற்றுமை' வடிவம். மற்றொன்று தகவல் தொழில்நுட்பத்தைக் குறிக்கும் 15 கதிர்கள். 2010 ஜூலையில் ரூபாய்க்குக் குறியீடு கிடைத்தது. வரைந்தவர் தமிழ்நாட்டுக்காரரான உதயகுமார். 2011இல் அந்தக் குறியீடு காசில் ஏறியபோது கதிர்களும் பதினைந்திலிருந்து பத்தாகக் குறைந்தன. எதற்காகக் குறைத்தார்கள் என்று கடைக்காரரிடம் யாரும் சொல்லவில்லை. பத்துக் கதிர் இருந்தால் அசல், பதினைந்து இருந்தால் போலி என்று வாட்ஸப்பில் ஒரு செய்தி சுற்றியபோது அது நம்பும்படி இருந்தது. 10 ரூபாய்க்குப் பத்துக் கதிர்தானே சரி? குறியீடு இல்லாதது போலி என்ற இன்னொரு செய்தியும் அதே தர்க்கத்தில் ஓடியது. இரண்டும் பொய். ஆனால் இரண்டுமே நாணயத்தைக் கூர்ந்து பார்த்தவர்களிடமிருந்து பிறந்த பொய்கள். 2016இல் டெல்லியில் 5, 10 ரூபாய்க் காசுகளைக் கள்ளத்தனமாக அடித்த பட்டறை ஒன்றைக் காவல்துறை பிடித்தது வதந்திக்கு உரம் போட்டது.

இதற்கு மேல் நினைவு நாணயங்கள். ஹோமி பாபா நூற்றாண்டு, ரிசர்வ் வங்கியின் 75ஆம் ஆண்டு, நாடாளுமன்றத்தின் 60ஆம் ஆண்டு, வைஷ்ணோ தேவி கோயில் வாரியத்தின் வெள்ளிவிழா, கயிறு வாரியம், காந்தி தென்னாப்பிரிக்காவிலிருந்து திரும்பிய நூற்றாண்டு, சர்வதேச யோகா தினம், அம்பேத்கர் 125, சின்மயானந்தர் நூற்றாண்டு, ராஜ்சந்திரர் 150. எட்டு ஆண்டுக்குள் இத்தனை. இவற்றில் ஒரு வடிவமைப்புக் குறை இருக்கிறது, அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. வழக்கமான 10 ரூபாயில் சிங்கம் ஒரு பக்கம், '10' மறுபக்கம். நினைவு நாணயத்தில் மறுபக்கத்தை உருவப்படம் எடுத்துக்கொள்வதால் '10' இடம்பெயர்ந்து சிங்கத்தின் காலடியில் சின்னதாகப் போய் உட்கார்ந்துவிடும். ஆக, வழக்கமான காசின் எண் பக்கத்தைத் தேடிப் புரட்டுகிறவருக்கு எண்ணே கிடைக்காது, முகம்தான் கிடைக்கும். நாணயத்தின் மிக முக்கியமான தகவலை, காசுக்குக் காசு வேறு இடத்தில் வைத்திருக்கிறோம்.

தமிழ்நாட்டில் இதன் விளைவை எல்லோரும் பார்த்தோம். சென்னையில் மறுபேச்சில்லாமல் வாங்கும் காசை வேலூர் பக்கம் கொடுத்தால் "நோட்டா குடுங்க, இது யாரும் வாங்க மாட்டேங்கறாங்க" என்பார்கள். கடைக்காரருக்கும் அது செல்லும் என்று தெரியும். அடுத்தவர் வாங்க மாட்டாரே என்பதுதான் பயம். பணத்தின் இயல்பே அதுதான், நான் வாங்குவது நீங்கள் வாங்குவீர்கள் என்ற நம்பிக்கையில். மாவட்ட ஆட்சியர்கள் எச்சரித்தார்கள், போக்குவரத்துக் கழகங்கள் நடத்துநர்களுக்குச் சுற்றறிக்கை விட்டன. 2022இல் தர்மபுரி மாவட்ட இளைஞர் ஒருவர், வீட்டில் சேர்ந்துபோன, யாரும் வாங்காத காசுகளோடு மேலும் காசுகளைத் திரட்டி, சுமார் 6 லட்ச ரூபாயை 10 ரூபாய் நாணயங்களாகவே கொட்டிச் சேலத்தில் கார் வாங்கினார். செய்தித்தாள்கள் அதை வேடிக்கையாகப் போட்டன. ஒரு நாட்டுப் பணம் செல்லுபடியாகும் என்று நிரூபிக்க ஒரு குடிமகன் மூட்டை கட்டிப் போக வேண்டியிருந்ததில் எனக்கு வேடிக்கை தெரியவில்லை.

மற்ற நாடுகள் நினைவு நாணயம் விடாமல் இல்லை. அமெரிக்கா 1999 முதல் 2008 வரை 50 மாநிலங்களுக்கும் ஆளுக்கொன்றாகக் கால் டாலர் வெளியிட்டது, ஆண்டுக்கு ஐந்து, அவை கூட்டாட்சியில் இணைந்த வரிசையில். ஐம்பது வடிவம் என்பது நம் பதினான்கைவிடப் பெரிய எண். ஆனால் தொடங்கும் முன் ஒரு வேலை செய்தார்கள். பின்பக்கத்தில் இருந்த நாட்டின் பெயரையும் மதிப்பையும் வாஷிங்டன் முகம் இருக்கும் பக்கத்துக்கு மாற்றி, அந்தப் பக்கத்தை ஐம்பது காசுக்கும் ஒன்றாக வைத்தார்கள். அளவு, எடை, விளிம்பு எதிலும் மாற்றமில்லை. குழந்தைகள் அட்டையில் ஒட்டிச் சேர்த்தார்கள். அப்படிச் சேர்த்துவைத்த ஒவ்வொரு காசும் திரும்பி வராத காசு, அடித்த செலவு போக மீதி அரசுக்கு லாபம். நல்ல வியாபாரம்தான், ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஐரோப்பாவில் 2 யூரோ நாணயத்தின் ஒரு பக்கம் பொதுவானது, பெல்ஜியக் கலைஞர் லூக் லூயிக்ஸ் வரைந்தது. மறுபக்கத்தை ஒவ்வொரு நாடும் வைத்துக்கொள்ளலாம், அதிலும் பன்னிரண்டு நட்சத்திரம் சுற்றி இருக்க வேண்டும். 2004இல் ஏதென்ஸ் ஒலிம்பிக்குக்காகக் கிரேக்கம் முதல் நினைவு நாணயம் வெளியிட்டது. 2012 முதல் ஆண்டுக்கு ஒரு நாட்டுக்கு இரண்டு என்பது வரம்பு. 2015இல் வாட்டர்லூ போரின் 200ஆம் ஆண்டுக்குப் பெல்ஜியம் 2 யூரோ அடித்தது. நெப்போலியன் தோற்ற இடத்தைத் தன் மக்கள் கையில் வைத்துச் செலவழிக்கப் பிரான்ஸ் சம்மதிக்கவில்லை. அடித்ததை விட்டுவிட்டுப் பெல்ஜியம் இரண்டரை யூரோவில் ஒரு காசு போட்டது. அப்படி ஒரு மதிப்பே கிடையாது, அதனால் அதற்குத் தடையும் கிடையாது, பெல்ஜியத்துக்குள் மட்டும் செல்லும். குறும்பைப் பாராட்டத்தான் வேண்டும்.

எதிர்மறை உதாரணம் பிரிட்டனின் பழைய 1 பவுண்டு. 1983 முதல் அதன் பின்பக்கம் அடிக்கடி மாறியது. எந்த ஆண்டுக்கு எந்தப் படம் என்பது பொதுமக்கள் நினைவில் நிற்கவில்லை, கள்ள நாணயக்காரர்களும் ஆண்டையும் படத்தையும் கலந்துகட்டி அடித்தார்கள். முப்பதில் ஒன்று போலி என்ற நிலை வந்த பிறகு, 2017இல் பன்னிரண்டு பக்கமுள்ள இருஉலோகக் காசைக் கொண்டுவந்து பழையதை முற்றிலுமாகத் திரும்பப் பெற்றார்கள். கனடா 2004இல் சிவப்புப் பாப்பிப் பூ வண்ணத்தில் பதித்த 25 சென்ட் வெளியிட்டது. போரில் இறந்தவர்களுக்கான நினைவு. அதைக் கையில் வாங்கிய அமெரிக்க ராணுவ ஒப்பந்தக்காரர்கள் சிலர், உளவுக் கருவி ஒட்டியிருக்கிறது என்று புகார் எழுதிவிட்டார்கள். படித்தவர்கள் நிறைந்த அந்த வட்டாரத்திலேயே பழகாத காசு பயமுறுத்தியது. வேலூர்க் கடைக்காரரை மட்டும் ஏன் குறை சொல்ல வேண்டும்?

இலங்கை 2013ஆம் ஆண்டிட்டு 25 மாவட்டங்களுக்கும் ஒவ்வொன்றாக 10 ரூபாய்க் காசு வெளியிட்டது. சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றும் அங்கே காசில் வழக்கமாக இருப்பவை. சிங்கப்பூர்க் காசிலும் தமிழ் உண்டு. இந்தியாவின் வழக்கமான காசில் இல்லை. 1907 முதல் வந்த ஓரணாவில் ஆங்கிலத்தோடு உருது, நாகரி, வங்காளம், தெலுங்கு எழுத்துகளில் மதிப்பு எழுதியிருந்தது, தமிழ் அப்போதும் விடுபட்டது. அதற்கு நூறாண்டு முன்பு சென்னை மாகாணத்துப் பணம் என்ற வெள்ளிக்காசில் தமிழ் இருந்தது.

ஆகவே 2009இல் அண்ணா நூற்றாண்டுக்கு வந்த 5 ரூபாயில் அவர் தமிழில் போட்ட கையெழுத்து இடம்பெற்றது சிறிய விஷயமில்லை. நினைவு நாணயமே வேண்டாம் என்று என்னால் சொல்ல முடியாததற்கு இதுதான் காரணம். 1995இல் தஞ்சையில் நடந்த எட்டாவது உலகத் தமிழ் மாநாட்டுக்காக 1, 2, 5 ரூபாய்களில் வள்ளுவர் வந்தார். காமராசர் நூற்றாண்டுக்கு 5 ரூபாய், சி. சுப்பிரமணியத்துக்கு 5 ரூபாய், பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டுக்கு 5 ரூபாய். பெரிய கோயில் நாணயம் டெல்லியில் ஒரு டீக்கடைக் கல்லாவில் விழுந்திருக்கும், குவாஹாட்டியில் ஒரு கோயில் உண்டியலிலும் விழுந்திருக்கும். தமிழர் யாரையும் கேட்காமல், விழா எடுக்காமல் அது தானாகப் போய்ச் சேர்ந்த இடங்கள் அவை. அந்தப் பரவல் எந்த அரங்கிலும் திறக்கும் சிலைக்குக் கிடையாது.

இப்போது போக்கு வேறு பக்கம் திரும்பிவிட்டது. கடந்த சில ஆண்டுகளில் நினைவு நாணயம் என்றால் பெரும்பாலும் புழக்கத்துக்கு வராத 75, 100, 125, 150 ரூபாய் வெள்ளிக் கலப்புக் காசு. வாஜ்பாய்க்கு 100, புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு 75, 2024 ஆகஸ்டில் சென்னையில் கருணாநிதிக்கு 100. புதிய நாடாளுமன்றக் காசு 44 மில்லிமீட்டர், 35 கிராம், பாதி வெள்ளி. முகமதிப்பைவிடப் பல மடங்கு விலையில் பெட்டியில் போட்டு விற்கிறார்கள். சட்டப்படி செல்லும், ஆனால் யாரும் அதைக் கொண்டுபோய்க் காய்கறி வாங்க மாட்டார்கள். கடைக்காரரின் குழப்பம் தீர்ந்தது உண்மைதான். கூடவே நினைவும் பெட்டிக்குள் போய்விட்டது. கருணாநிதி காசில் 'தமிழ் வெல்லும்' என்று அவர் கையெழுத்தில் இருப்பதையும், இந்தியும் அதில் இருப்பதையும் வைத்துக் கட்சிகள் மோதிக்கொண்டபோது, அந்தக் காசை நேரில் பார்த்தவர்கள் எத்தனை பேர் என்று தோன்றியது.

இரண்டுக்கும் நடுவே வழி இருக்கிறது, அதற்கான அடித்தளத்தை அரசே போட்டுவிட்டது. 2019இல் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தின் வடிவமைப்பில் வந்த வரிசையில் 1 ரூபாய் 20 மில்லிமீட்டர், 2 ரூபாய் 23, 5 ரூபாய் 25, 10 ரூபாய் 27. மதிப்பு ஏறினால் அளவும் எடையும் ஏறும் என்ற ஒழுங்கு பார்வையற்றவர்களை மனத்தில் வைத்துத் திரும்ப வந்தது. 20 ரூபாயும் 27 மில்லிமீட்டர்தான், ஆனால் பன்னிரண்டு பக்கம், விளிம்பில் வரிகள் கிடையாது. இருட்டில் தொட்டாலும் தெரியும். 2022இல் விடுதலையின் 75ஆம் ஆண்டு முத்திரையை ஐந்து காசிலும் போட்டபோது அளவையும் உலோகத்தையும் தொடவில்லை. இதுதான் செய்ய வேண்டியது.

2011ஆம் ஆண்டு நாணயச் சட்டம் வடிவத்தை அறிவிக்கும் அதிகாரத்தை மத்திய அரசுக்குக் கொடுத்திருக்கிறது. ஆண்டுக்கு இத்தனைதான் என்ற வரம்பை அறிவிக்கையிலேயே கொண்டுவந்துவிடலாம். நினைவு வடிவத்துக்கு 20 ரூபாயை மட்டும் ஒதுக்கலாம். வழக்கமான 20 ரூபாயிலும் எண்ணைச் சிங்கத்தின் பக்கத்துக்கே பெரிதாகக் கொண்டுவந்து, எந்த விழா வந்தாலும் அந்தப் பக்கத்தைத் தொடாமல் விடலாம். ஆண்டுக்கு இரண்டு போதும், அதில் துறைகளின் பிறந்தநாள் வேண்டாம். எம். எஸ். சுப்புலட்சுமிக்கு 10 ரூபாயும் 100 ரூபாயும், எம்.ஜி.ஆருக்கு 5 ரூபாயும் 100 ரூபாயும் என்று 2017இல் இரட்டை நாணயம் அறிவித்ததைப் போல, புழக்கத்துக்கு ஒன்று, சேகரிப்பாளருக்கு ஒன்று என்று பிரித்தும் வைக்கலாம். தமிழ் எழுத்து காசில் வேண்டும் என்று கேட்கிறவர்கள் அண்ணா கையெழுத்தை முன்மாதிரி காட்டி, பேருந்தில் டிக்கெட் வாங்கும் இந்த 20 ரூபாயில்தான் கேட்க வேண்டும். வெள்ளிக் காசில் கேட்டு வாங்குவது சுலபம், ஆனால் அதை யாரும் எடுத்துப் படிப்பதில்லை.